மூன்று துண்டுப் பாலமும் தோன்றா எழுவாயும்

படம் காட்டுகிறவர் என்று ஓர் இனம் உண்டு. திரையரங்கில் படம் காட்டுகிறவரைச் சொல்லவில்லை. அவர் பாவம், இருட்டறையில் உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறவர். புது வண்டியின் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு தெருமுனையில் நின்று படம் காட்டுகிறவரையும் சொல்லவில்லை. நான் சொல்வது, உண்மையாகவே ஒரு படத்தை விலைக்கு வாங்கி, உண்மையாகவே சுவரில் மாட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் உண்மையாகவே அதைக் காட்டுகிறவரை. உலகத்தின் ஏதோ ஒரு மூலையில் இருக்கும் ஏதோ ஒரு மாநகரத்தின் கோபுரமோ பாலமோ மணிக்கூண்டோ, கித்தான் துணியில் அச்சாகி, மரச்சட்டத்தில் இழுத்து அடிக்கப்பட்டு, இவருடைய கூடத்துச் சுவரில் ஆளுயரத்துக்குத் தொங்கும். அதற்கு நேர் எதிரே ஒரு சோபா கிடக்கும். தொலைக்காட்சிப் பெட்டி என்ன பாவம் செய்ததோ, ஓர் ஓரமாக ஒதுங்கியிருக்கும். அந்தச் சோபாவில் என்றாவது ஒருநாள் நீங்கள் உட்காரத்தான் போகிறீர்கள்.

உட்கார்ந்ததும் தேநீர் வரும். உபசாரம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கையில் கோப்பை, மறு கையில் பிஸ்கெட் தட்டு என்று ஆகிவிட்டால் பிறகு எழுந்து ஓட முடியாது அல்லவா? ஒரு மடக்கு குடித்துவிட்டு, மரியாதைக்காக, "படம் நல்லா இருக்குங்க" என்பீர்கள். மாட்டிக்கொண்டீர்கள்.

"படம் இல்லைங்க, கேன்வாஸ்."

சொல்லிவிட்டு எழுந்து போய் விரல் முட்டியால் அதைத் தட்டுவார். டொக்கென்று ஒரு சத்தம் வரும். "காகிதமா இருந்தா இந்தச் சத்தம் வருமா?" வராதுதான். யார் வரும் என்றார்கள்? ஆனால் உங்களையும் வந்து தட்டிப் பார்க்கச் சொல்வார். கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்கையால் தட்டிவிட்டு வந்தவர்களை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். பிறகு படத்துக்கு மேலே இருக்கும் சின்ன விளக்கைப் போடுவார், ஒரு பெருமூச்சு விடுவார், அதன்பின் அந்த இனத்துக்கே உரிய மந்திரச் சொல் வெளியே வரும்.

"அங்கெல்லாம்..."

இந்த ஒரு சொல் வந்துவிட்டால் அரைமணி நேரத்தை மறந்துவிடுங்கள். அங்கெல்லாம் யாரும் ஹாரன் அடிக்க மாட்டார்கள். அங்கெல்லாம் வரிசை என்றால் வரிசைதான். அங்கெல்லாம் நாய்கூட சிக்னல் பார்த்துத்தான் சாலையைத் தாண்டும். அங்கெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் பேருந்தில் யாரும் பேச மாட்டார்கள். இதைக் கேட்கும்போது உங்களுக்கு அந்த ஊரின்மேல் உண்மையிலேயே ஓர் ஏக்கம் வரும்.

இவர் பொய் சொல்கிறாரா? அங்கேதான் நுட்பம் இருக்கிறது. "அந்தப் பாலத்து மேல நின்னா காத்து முகத்துல அப்படியே அறையும்" என்பார். யார் நின்றார்? "சாயங்காலமா பார்த்தா தண்ணி மொத்தமும் தகதகன்னு இருக்கும்." யார் பார்த்தார்? பள்ளிக்கூடத்தில் எழுவாய், பயனிலை என்று சொல்லிக்கொடுத்தபோது, தோன்றா எழுவாய் என்று ஒன்றையும் தமிழாசிரியர் சொல்லிக்கொடுத்தாரே, நினைவிருக்கிறதா? வாக்கியத்தில் ஆள் இருக்கும், ஆனால் முகத்தைக் காட்டாது. நாமெல்லாம் தேர்வோடு மறந்துவிட்ட அந்தத் தோன்றா எழுவாயை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவர் இவர். 'நான் போனேன்' என்று ஒருநாளும் சொன்னதில்லை. 'போனால்' என்பார். போனதாக நாம் எடுத்துக்கொண்டால் அது நம் தப்பு.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். படம் காட்டுகிறவர் படத்தைப் பார்ப்பதே இல்லை. படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அதைப் பார்க்கிற உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். உங்கள் புருவம் கொஞ்சம் உயர்ந்தால் போதும், அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கும்.

இந்த இனத்தில் கிளைகளும் உண்டு. கருப்பு வெள்ளைத் தெருவில் ஒரே ஒரு குடை மட்டும் சிவப்பாக இருக்கிற படத்தைக் குளியலறைக்குப் போகிற வழியில் மாட்டி, அவசரமாகப் போகிறவரையும் நிறுத்தி வைத்து, "குடையைக் கவனிச்சீங்களா?" என்று கேட்கிறவர் ஒருவர். படுக்கையறைச் சுவர் முழுக்க வானுயரக் கட்டடங்களை ஒட்டிவிட்டு, அத்தனை ஜன்னல் விளக்கும் எரிவதைப் பார்த்துத் தூக்கம் போய்விட்டது என்று மாத்திரை சாப்பிடுகிறவர் ஒருவர். எந்த ஊர் என்றே தெரியாமல் மாட்டியிருக்கிறவரும் உண்டு. கேட்டால், "அட்டைப்பெட்டியில எழுதியிருந்துது. பெட்டியைத் தூக்கிப் போட்டுட்டோம்" என்பார். இவர் ஒருவர்தான் யோக்கியர்.

ஆனால் இனத்தின் தலைசிறந்த மாதிரி எனக்கு ஒரு மாடி கீழே, மூன்றாவது மாடியில் குடியிருக்கிறார். குடியிருப்பு முழுக்க அவருக்குக் கேன்வாஸ்காரர் என்றுதான் பெயர். லிஃப்ட் பராமரிக்கிற ஒரு நிறுவனத்தில் மேற்பார்வையாளர். நடுவழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் வேர்த்து விறுவிறுத்து நிற்பவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பேசிப் பேசி அமைதிப்படுத்துவதில் மன்னர். கதவு திறக்கும்வரை எங்கேயும் போக முடியாதவர்களிடம் பேசிப் பழகிய குரல் அது. வீட்டிலும் அதே குரல்தான், சோபாவில் இருப்பவரும் அதே நிலையில்தான் இருப்பார்.

அவருடைய சுவரில் இருப்பது ஒரு பாலம். அகலமான ஆறு, இரண்டு கல் கோபுரம், நடுவே இரும்பு வடங்கள், பின்னால் மேகம். மூன்று துண்டாக வந்த கேன்வாஸ். ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, இரண்டு விரல் இடைவெளி விட்டு மாட்ட வேண்டும். இடது துண்டில் இடக்கரை, வலது துண்டில் வலக்கரை, நடுத்துண்டில் வெறும் ஆறும் பாலமும். மனிதர் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிறவர். மூன்றையும் வரிசையாகச் சேர்த்து அப்படியே தரையில் குப்புறக் கவிழ்த்து, கொக்கி அடித்து, பின்பக்கத்தில் பென்சிலால் இடமிருந்து வலமாக ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு, அந்த எண் வரிசைப்படியே சுவரில் மாட்டிவிட்டார். குப்புறக் கிடப்பதைத் திருப்பினால் இடம் வலமாகும் என்பது ஏணியில் நிற்கிறவருக்கு எங்கே நினைவு வரப்போகிறது? ஆக, வலக்கரை இடதுகோடிக்கும் இடக்கரை வலதுகோடிக்கும் போய்விட்டன. பாலம் ஆற்று நடுவில் எங்கிருந்தோ தொடங்கி, கரைக்கு வந்து, மறுபடி ஆற்றில் இறங்கி, இன்னொரு கரையைத் தொட்டு, கடைசியில் அந்தரத்தில் முடிந்தது.

மாட்டி முடித்து, சுத்தியலும் வேர்வையுமாக ஏணியில் நின்றபடி, "எப்படி இருக்கு?" என்று மனைவியைக் கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கிறவர். நாள் முழுக்க, "இதுல நல்லா தெரியுதா, அதுல நல்லா தெரியுதா?" என்று கேட்டே பழகியவர். ஒரு மயிரிழை பிசகினாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அவர் பார்த்தார். வேர்வையைப் பார்த்தார், ஏணியைப் பார்த்தார், கணவர் முகத்தைப் பார்த்தார். "நல்லா இருக்குங்க" என்றார். கல்யாணமானவர்கள் யாரும் இதற்கு விளக்கம் கேட்க மாட்டார்கள்.

மூன்று வருஷம் அப்படியே ஓடியது. சந்தேகம் கேட்டவர்கள் இல்லாமல் இல்லை. முதல் மாடிப் பல் டாக்டர் ஒருமுறை, "பாலம் தண்ணியிலயே ஆரம்பிச்சு தண்ணியிலயே முடியுதே, எப்படிங்க?" என்று கேட்டே விட்டார். கேன்வாஸ்காரர் அசரவில்லை. "அதுதாங்க விசேஷம். பாலம்னா கரையிலதான் ஆரம்பிக்கணும்னு நம்ம ஊர்லதான் நினைப்பு. அங்கெல்லாம் கட்டற விதமே வேற. ஓரமா நின்னு பார்த்தா கரை ரெண்டும் உள்ள வந்த மாதிரி இருக்கும், நீளம் போய்க்கிட்டே இருக்கும்." டாக்டர் வாயைத் திறந்தார், மற்றவர் வாயைத் திறக்க வைத்தே பழகியவருக்குத் தன் வாயை என்ன செய்வதென்று தெரியவில்லை, மூடிக்கொண்டார். அன்றிலிருந்து அந்தக் கரை விஷயமும் உரையில் நிரந்தரமாகச் சேர்ந்துவிட்டது. எனக்கே அது மனப்பாடம்.

ஆதாரமும் வைத்திருந்தார். அதே பாலம் தொங்கும் ஒரு சாவிக்கொத்து. "அங்க வாங்கினது" என்பார், தோன்றா எழுவாயோடு. அது பொய்யில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் நிறுவனம் அவரை ஏதோ பயிற்சிக்கு வேறொரு நாட்டுக்கு அனுப்பியபோது, விமானம் மாறுவதற்காக அந்த நகரத்து விமான நிலையத்தில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வெளியே போக அனுமதி இல்லை. பெரிய கண்ணாடிச் சுவர் வழியாக ஓடுபாதையும் எண்ணெய் லாரி ஒன்றும் மூட்டமான வானமும் தெரிந்தன. பாலம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. உள்ளேயே இருந்த கடையில் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு விமானம் ஏறிவிட்டார்.

எதற்கு இத்தனை பாடு? நானும் முதலில் வெறும் பீற்றல் என்றுதான் நினைத்தேன். விஷயம் இருபத்தாறு வருஷப் பழசு என்பது பிறகுதான் தெரிந்தது. அவருக்குக் கல்யாணம் ஆன அன்று, மண்டபத்தில், சாப்பாட்டுப் பந்தியில் வைத்து, மனைவியின் அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார். "மாப்பிள்ளை தங்கமானவர்தான். என்ன, லிஃப்டுல மேலயும் கீழயும் போறதைத் தவிர உலகத்துல வேற எங்கயும் போனதில்ல." பந்தி முழுக்கச் சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். சிரித்த வாயை மூடிய பிறகு அந்த வார்த்தை உள்ளே தங்கிவிட்டது. சொன்னவர் பதினைந்து வருஷம் கழித்து வேலை தேடி வெளிநாடு போனார். எந்த நகரத்துக்கு என்கிறீர்கள்? அந்தப் பாலம் இருக்கிற நகரத்துக்குத்தான். இப்போது சொல்லுங்கள், மனிதர் வேறு எந்தப் பாலத்தை வாங்கி மாட்டுவார்?

இப்படியிருக்க, அந்த மச்சான் பதினொரு வருஷத்துக்குப் பிறகு பத்து நாள் விடுமுறையில் வருவதாகத் தொலைபேசியில் சொன்னார். தங்கப்போவது தங்கை வீட்டில்.

கேன்வாஸ்காரருக்கு அன்றிலிருந்து கணக்குப் போடுவதே வேலையாகிவிட்டது. குடியிருப்பில் நாலு பேர் எதிரில் அந்த ஊரைப் பற்றி மூன்று வருஷம் அளந்தாகிவிட்டது. மச்சானைப் பற்றியும் சும்மா இருக்கவில்லை. "அந்த ஊரு போக்குவரத்தே அவரு கையிலதான் இருக்கு" என்று டாக்டரிடம் சொல்லி வைத்திருந்தார். இப்போது அந்த ஊரிலேயே வாழ்கிற ஆள் அந்தச் சோபாவிலேயே வந்து உட்காரப்போகிறார். ஒரு கேள்வி கேட்டால் போதும், இன்னொரு முறை எல்லாரும் சிரிப்பார்கள். பந்தியில் சிரித்தவர்கள் கலைந்து போய்விட்டார்கள். இவர்கள் தினமும் மாடிப்படியில் எதிரே வருகிறவர்கள்.

"கழட்டிடலாமா?" என்று மனைவியைக் கேட்டார். கழற்றிப் பார்த்தார்கள். சுற்றிலும் சுவர் மங்கிப்போய், படம் இருந்த இடத்தில் மட்டும் மூன்று வெள்ளைக் கட்டம் பளிச்சென்று நின்றது. பாலத்துக்கு ஒரு கதை சொல்லலாம், வெள்ளைக் கட்டத்துக்கு என்ன கதை சொல்வது? "இருக்கட்டுங்க. நீங்க போய் அண்ணனைக் கூட்டிக்கிட்டு வாங்க. நான் தூசி தட்டி மாட்டி வைக்கிறேன்" என்றார் அந்த அம்மாள்.

அவர் தூசியை மட்டும் தட்டவில்லை. தன் அண்ணன் தன் வீட்டுக்காரரைப் பார்த்து இன்னொரு தடவை சிரித்துவிடக் கூடாது என்று, மூன்று வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் செய்தார். முதல் துண்டை மூன்றாவது இடத்திலும் மூன்றாவதை முதல் இடத்திலும் மாட்டினார். பாலம் கரையில் தொடங்கிக் கரையில் முடிந்தது. கணவரிடம் சொல்லவில்லை. வந்ததும் அவரே பார்த்துக்கொள்வார் என்று நினைத்தாராம். படம் காட்டுகிறவர் படத்தைப் பார்க்க மாட்டார் என்பது பார்வை சோதிக்கிறவருக்கே தெரியவில்லை பாருங்கள்.

சாயங்காலம் டாக்டரும் நானும் போனோம். யாரும் எங்களை வற்புறுத்தி அழைக்கவில்லை. வேடிக்கை பார்க்கத்தான் போனோம், இதில் மறைக்க என்ன இருக்கிறது? மச்சான் நல்ல உயரம், நரைத்த மீசை, உட்காரும்போதே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"போக்குவரத்துல பெரிய பொறுப்புன்னு சொன்னாங்க" என்றார் டாக்டர்.

"பஸ் ஓட்டறேங்க" என்றார் மச்சான். "பதினோரு வருஷமா. உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போச்சு."

போக்குவரத்து அவர் கையில்தான் இருந்தது, வட்டமாக. கேன்வாஸ்காரர் பிஸ்கெட் தட்டை நீட்டிப் பேச்சை மாற்றப் பார்த்தார். விடுவாரா டாக்டர்? பல்லோ பேச்சோ, ஆடுவது தெரிந்தால் பிடுங்கிவிட்டுத்தான் மறுவேலை. "சார், அந்தப் பாலத்தைப் பத்தி எங்களுக்குச் சொல்வீங்களே. அவரும் கேக்கட்டுமே" என்றார்.

தப்ப வழியில்லை. கேன்வாஸ்காரர் எழுந்தார், வழக்கம்போல் சுவருக்கு முதுகைக் காட்டி நின்றார், வழக்கமான குரல் வரவில்லை என்றாலும் வழக்கமான உரை வந்தது. "அது... மச்சானுக்குத் தெரியாததா? கரை ரெண்டும் உள்ள இருக்கும், பாலம் தண்ணியிலயே ஆரம்பிச்சு தண்ணியிலயே முடியற மாதிரி... ஓரமா நின்னு பார்த்தா..."

"இப்ப கரையிலல்ல ஆரம்பிக்குது?" என்றார் டாக்டர்.

கேன்வாஸ்காரர் திரும்பினார். மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் அந்தப் படத்தைப் பார்த்தார் என்று நான் அடித்துச் சொல்வேன். இடக்கரை இடதில் இருந்தது. வலக்கரை வலதில் இருந்தது. நடுவே பாலம், பாலமாக இருந்தது. மெல்ல மனைவியின் பக்கம் பார்த்தார். அந்த அம்மாள் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார். நல்லா இருக்குங்க என்று ஏணிக்குக் கீழே நின்று சொன்ன நாளிலிருந்தே இவளுக்குத் தெரியும் என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. வேடிக்கை பார்க்க வந்தவனுக்கு அப்படி ஆகியிருக்க வேண்டியதில்லை, ஆனால் ஆனது.

இதற்குள் மச்சான் எழுந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, படத்துக்கு ஒரு சாண் தூரத்தில் போய் நின்றார். வெகுநேரம் பார்த்தார்.

"இது எந்த ஊரு பாலம்?" என்றார்.

"அண்ணா, உங்க ஊருதாண்ணா" என்றார் தங்கை.

"எங்க ஊரா? அந்தப் பாலமா இது?" மறுபடி குனிந்து பார்த்தார். "இப்படியா இருக்கும்? தினம் ஆறு தடவை தாண்டறேன்மா. வண்டிக்குள்ள இருந்து பார்த்தா முன்னாடி போறவனோட சிவப்பு விளக்குதான் தெரியும். எறங்கி நின்னு பார்த்ததே இல்ல." பார்த்துக்கொண்டே இருந்தவர் சட்டென்று திரும்பினார். "ஆமா மாப்ள, நீங்க எப்ப அங்க வந்தீங்க?"

நாங்கள் எதிர்பார்த்து வந்த கேள்விதான். ஆனால் அது வந்த தொனி வேறாக இருந்தது. கேலி இல்லை. குரல் இறங்கியிருந்தது.

"ஓரமா நின்னு பார்த்தேன்றீங்க. அவ்வளவு தூரம் வந்துட்டு எங்க வீட்டுக்கு வராம திரும்பிட்டீங்களா? ஒரு வாய் தண்ணி குடிக்கக்கூட வரலையா?"

நிலைமையைப் பாருங்கள். போயிருந்தேன் என்றால் மச்சான் வீட்டு வாசலை மிதிக்காமல் வந்த குற்றம், அது ஏழேழு தலைமுறைக்கும் ஆறாது. போகவில்லை என்றால் மூன்று வருஷ உரையும் டாக்டர் முன்னிலையில் கவிழ்ந்தது. தோன்றா எழுவாய்க்கு அங்கே இடமே இல்லை. 'நீங்கள்' என்று கேட்டால் 'நான்' என்றுதானே பதில் சொல்ல வேண்டும்?

லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர் அன்று கேன்வாஸ்காரர்தான். வெளியே நின்று தைரியம் சொல்ல யாரும் இல்லை. மனைவி மட்டும் கோப்பையை வைத்துவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் வரல மச்சான்" என்றார். "நான் அந்த ஊரைப் பார்த்ததே இல்ல. ஏர்போர்ட்டுல ஆறு மணி நேரம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். உங்களுக்கு ஃபோன் பண்ணலாம்னு எடுத்தேன். என்னன்னு சொல்றது? அப்புறம் இந்தப் படத்தை வாங்கி மாட்டினேன்."

கேன்வாஸ் என்று அவர் சொல்லவில்லை. படம் என்றார்.

"நீங்க அன்னிக்கு மண்டபத்துல சொன்னீங்கல்ல, லிஃப்டுல மேலயும் கீழயும் போறதைத் தவிர..." அதற்குமேல் முடிக்கவில்லை.

"நானா சொன்னேன்? எப்ப?" மச்சானுக்குச் சுத்தமாக நினைவில்லை. தங்கையைப் பார்த்தார். தங்கை தலையை மட்டும் ஆட்டினார். மனிதர் சோபாவில் வந்து உட்கார்ந்து, மீசையைத் தடவிக்கொண்டே இருந்தார். "சொல்லியிருப்பேன். அந்த வயசுல வாய் கொஞ்சம் நீளம். நான் மட்டும் என்னத்தைப் பார்த்துட்டேன் மாப்ள? பதினோரு வருஷமா ஒரே ரோட்டுல போயிட்டு வந்துக்கிட்டு இருக்கேன். நீங்க மேலயும் கீழயும். நான் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும்."

சுவரைக் காட்டித் தொடர்ந்தார். "எங்க வீட்டு ஹால்லயும் ஒண்ணு மாட்டியிருக்கேன். இந்த ஊரு மணிக்கூண்டு. இதே மாதிரி துணியில பிரிண்ட் போட்டது. வர்றவங்ககிட்டயெல்லாம், அங்கெல்லாம் எட்டு மணி அடிச்சா தெருவே எழுந்திரிக்கும், பக்கத்து வீட்டுக்காரங்க சொல்லாமகொள்ளாம வருவாங்க, அப்படின்னு சொல்லுவேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் டாக்டரைப் பார்த்தேன். அந்த மணிக்கூண்டு எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பன்னிரண்டே காலிலேயே நிற்கிறது. நாங்களும் நாலு முறை குறுஞ்செய்தி அனுப்பி, வரலாமா என்று கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தோம். ஆனால் யாரும் எதுவும் சொல்லவில்லை. எங்களுக்கும் கொஞ்சம் நாகரிகம் உண்டு.

அடுத்த வருஷம் கேன்வாஸ்காரரும் அவர் மனைவியும் அந்த ஊருக்கே போனார்கள். மச்சான் விடவில்லை, விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்து, மூவருமாகப் பாலத்தில் நடந்தார்களாம். திரும்பி வந்த மறுவாரமே டாக்டர் தன் விருந்தாளிகள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மூன்றாவது மாடிக்கு வந்தார். போகாமலேயே அரைமணி பேசியவர் போய்விட்டு வந்தால் எவ்வளவு பேசுவார் என்ற கணக்கு. நானும் போனேன். தேநீர் வந்தது. விளக்கைப் போடவில்லை, தட்டிக் காட்டவில்லை.

"போனேங்க" என்றார் கேன்வாஸ்காரர். "நின்னேன். காத்து ஜாஸ்தி. பாலம் பெரிசுதான்." கொஞ்சம் யோசித்தார். "கால் வலிச்சுது."

அவ்வளவுதான். எங்களுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. டாக்டரின் விருந்தாளிகள் அவரை ஒரு மாதிரி பார்த்தார்கள். பழைய உரையை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. "அவளைக் கேளுங்க. அவதான் நல்லா பார்த்தா" என்று மனைவியைக் கைகாட்டினார்.

"நடுப்பாலத்துல ஒரு இடத்துல கைப்பிடிக் கம்பி மட்டும் பளபளன்னு தேஞ்சிருக்குங்க" என்றார் அந்த அம்மாள். "வர்றவங்க எல்லாரும் அங்கதான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க போல. அண்ணனும் அதைப் பிடிச்சுக்கிட்டு ஆத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. இவரு அண்ணன் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு."

கேன்வாஸ்காரர் எழுந்து உள்ளே போய், யாரும் கேட்காத பிஸ்கெட் பொட்டலம் ஒன்றை எடுத்து வந்தார்.

ஆக, எங்கள் குடியிருப்பில் இந்த இனத்துக்கு ஓர் ஆள் குறைந்துவிட்டார். நீங்கள் சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டுச் சுவரில் அப்படி எதுவும் இல்லை, வாடகை வீடு, ஆணி அடிக்கவே வீட்டுக்காரர் விடமாட்டார், இதெல்லாம் யாரோ ஒருவருடைய வியாதி என்கிறீர்கள். இருக்கட்டும். ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. அகலமான ஆறு, இரண்டு கல் கோபுரம், இரும்பு வடம் என்று நான் சொல்லிக்கொண்டு வரும்போதே, "ஓ, அந்தப் பாலமா?" என்று மனசுக்குள் தலையாட்டிக்கொண்டீர்கள். எந்தப் பாலம் என்று நான் ஒரு வரியிலும் சொல்லவில்லை. நீங்களாகவே கண்டுபிடித்து, ஊர்ப் பெயரையும் போட்டு, மேகம்கூட சரிதான் என்று ஒப்புக்கொண்டு, இவ்வளவு தூரம் கூடவே வந்துவிட்டீர்கள்.

நீங்கள் போயிருக்கிறீர்களா?